எஞ்சினில் எரிந்த சூடம்

நான் விமானம் ஓட்டுகிறேன் என்றுதான் சங்கரன்கோவிலில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர், நான் விமானத்துக்குள் நின்று டிக்கெட் கிழிக்கிறேன் என்று நினைத்தார்கள். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊரில் யாருக்கும் விமானத்தோடு கொடுக்கல் வாங்கல் கிடையாது. வானத்தில் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்ப்போம், அவ்வளவுதான். அதனால் லீவுக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், அப்பாவின் பாத்திரக்கடை வாசலில் எனக்காகக் கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். "மேல மழை பேஞ்சா உள்ள ஒழுகுமாட்டி?" "வழியில ஒண்ணுக்கு வந்தா எங்கன நிப்பாட்டுவாங்க?" அப்பாவுக்கு உள்ளூரப் பெருமைதான்; காட்டிக்கொள்ள மாட்டார். "அவ காப்பி கொடுக்கா வே, வேற ஒண்ணும் இல்ல" என்று என் உத்தியோகத்தை ஒரே வரியில் முடித்துவிடுவார். எனக்குச் சுர்ரென்று ஏறும்.

காப்பி கொடுப்பது ஏர் ஹோஸ்டஸ் வேலையில் கால்வாசி. மீதி முக்கால்வாசியும், தீப்பிடித்தால் என்ன செய்வது என்பது. பயிற்சியின்போது எங்களை ஒரு பழைய விமானத்தின் கூட்டுக்குள் அடைத்து, புகையை விட்டு, "பெல்ட்டைக் கழற்று! பையை விடு! செருப்பைக் கழற்று! வா, வா, வா!" என்று தொண்டை கிழியக் கத்தச் சொல்வார்கள். ஆங்கிலத்திலும் இந்தியிலும் கத்தினேன். பாத்திரக்கடையில் பிறந்தவளுக்குக் கத்துவதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பெடுத்தவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார். பயணிகளை இறக்கத் தாமதித்தால் உயிர் போகும். தேவையில்லாமல் இறக்கினால் கை கால் போகும், சில சமயம் அதிலும் உயிர் போகும். எது எப்போது என்று கேட்டால், "அதைக் கேப்டன் சொல்வார்" என்பார். கேப்டனுக்கு யார் சொல்வது என்று கேட்டேன். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அந்த வருஷம் மிளகாய் வத்தலுக்கு நல்ல விலை. எங்கள் ஊரில் வத்தல் மண்டி வைத்திருந்த ஒருவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மகனுக்கு மெட்ராஸில் பேங்க் வேலை. வாசுதேவநல்லூரில் நிலபுலம் உள்ள வீட்டில் பெண் எடுத்துக் கல்யாணத்தை முடித்த கையோடு, மெட்ராஸில் குடித்தனம் வைக்கப் புறப்பட வேண்டும். எல்லாரும் செய்வதுபோலப் பாத்திரம் பண்டத்தை ரயிலில் ஏற்றிக்கொண்டு போகாமல், சொந்தபந்தத்தோடு விமானத்தில் போவது என்று மனுஷர் முடிவு கட்டிவிட்டார். அப்பாவின் கடைக்கு வந்து அண்டாவும் குண்டாவும் வாங்கிவிட்டு, "உம்ம மக ஓட்டுத ப்ளேன்லயே டிக்கெட் போடும் வே" என்றாராம். "அவ ஓட்டல அண்ணாச்சி" என்று அப்பா ஆரம்பித்ததை அவர் காதில் வாங்கவில்லை. மறுநாள் எங்கள் ஹாஸ்டலுக்கு டிரங்க் கால். மறுமுனையில் மண்டிக்காரர் ஊரே கேட்கும்படி கத்தினார். "எம்மா, நல்ல நேரம் பத்தரையோட முடியுது. ப்ளேனைச் செத்த முன்னால எடுக்கச் சொல்லு!"

விமானத்தை முன்னால் எடுக்க என்னால் முடியவில்லை. ஆனால் கெஞ்சிக் கூத்தாடி அந்த நாளில் அந்த விமானத்தில் என் டியூட்டியைப் போட்டுக்கொண்டேன். ஊர்க்காரர்கள் முன்னால் யூனிஃபார்மில் நிற்க எனக்கும் ஆசை இருக்காதா?

மதுரையில் அவர்கள் வந்து இறங்கிய கோலத்தை இப்போது நினைத்தாலும் வயிறு குலுங்குகிறது. முப்பது பேர் இருக்கும். பட்டுச் சேலை, தாழம்பூ, புது வேட்டி. கையில் துண்டு சுற்றிய குத்துவிளக்கு, முறுக்கு டின், வடகப் பை, பால் காய்ச்சும் பானை. ஒரு பெரியவர் வத்தல் மூட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொள்வேன் என்று அடம்பிடித்து, முன்வரிசையில் இருந்த சஃபாரி சூட் ஆசாமியைத் தும்மவைத்துக்கொண்டிருந்தார். அது நாற்பது பேர் உட்காரும் சின்ன விமானம். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு எஞ்சின், முன்னால் விசிறி. எங்கள் ஊர்க்காரர்கள் போக ஏழெட்டு வெளியாட்கள்தான். முன்னால் என் சீனியர் நின்றாள். வடக்கத்திப் பெண், தமிழ் சுத்தமாகத் தெரியாது. பின்பக்கம் என் பொறுப்பு.

"வாங்க மாமா, வாங்க அத்தை" என்று நான் கைகூப்ப, மண்டிக்காரர் உள்ளே தலையை விட்டு ஒரு நோட்டம் விட்டார். "பரவால்ல, நம்ம ராஜபாளையம் பஸ்ஸை விட அகலந்தான்" என்றார். அவர் மனைவி, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, என் சேலைத் தலைப்பைத் தொட்டுப் பார்த்து, "நைலக்ஸா?" என்றார். கடைசியாகப் புதுப்பெண் ஏறினாள். பத்தொன்பது இருபது வயது. கழுத்தில் மஞ்சள் கயிற்றின் ஈரம்கூடக் காயவில்லை. அவள் வலது காலை உள்ளே வைத்த அதே நொடியில் யார் கையிலிருந்தோ முறுக்கு டின் நழுவி, முறுக்கெல்லாம் நடைபாதை நெடுக உருண்டது.

"பாரு, இவ கால வச்சதும் கொட்டுது" என்றார் மாமியார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் முப்பது பேருக்கும் கேட்டது. பொறுக்கிக்கொண்டே விசாரித்ததில் முழுக் கதையும் வந்தது. தாலி கட்டும்போது மழை கொட்டிப் பந்தல் ஒரு பக்கம் சாய்ந்ததாம். அது அவள் வந்த நேரம். வரும் வழியில் டூரிஸ்ட் பஸ் பஞ்சர். அதுவும் அவள் வந்த நேரம். அந்தப் பெண் குனிந்து முறுக்கு பொறுக்கினாள். எனக்குப் பாவமாக இருந்தது. நானும் அப்போது புரொபேஷனில் இருந்தவள்தான். யார் மடியிலும் காப்பியைக் கொட்டாமல் இன்னும் சில மாதம் ஓட்டிவிட்டால் என் வேலை நிரந்தரம். அவளுடைய புரொபேஷன் எப்போது முடியும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மாமியாருக்குச் சன்னலோரம் தலை சுற்றும் என்பதால், இடப்பக்கச் சன்னலில் மருமகளை உட்காரவைத்துவிட்டு அவர் இந்தப் பக்கம் உட்கார்ந்தார். வெளியே நேர் எதிரே எஞ்சின். பெல்ட் மாட்டும் வைபவத்தை நான் விவரிக்கப் போவதில்லை. ஒருவர் தன் பெல்ட்டையும் பக்கத்து ஆளின் பெல்ட்டையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டார் என்பதோடு விட்டுவிடுகிறேன். கதவைச் சாத்தினோம். இடப்பக்க விசிறி மெல்லச் சுழல ஆரம்பித்தது.

பொத்தென்று ஒரு சத்தம். எஞ்சினின் பின்குழாயிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் நெருப்பு புறப்பட்டது.

இப்போது இவர்கள் கத்தப் போகிறார்கள், எழுந்து ஓடப் போகிறார்கள் என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்தேன். அப்போது மண்டிக்காரரின் குரல் கணீரென்று எழுந்தது.

"ஆகா! சூடம் காட்டுதாங்க! எல்லாரும் கும்பிட்டுக்கிடுங்க!"

எங்கள் ஊரில் காலையில் கிளம்பும் எந்தப் பஸ்ஸும் சூடம் காட்டாமல் நகராது. கண்டக்டர் முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து, பஸ்ஸுக்கு எதிரே நின்று சூடத்தைச் சுற்றுவார். உள்ளே இருப்பவர்கள், பேப்பர் படிக்கிறவர்கள் உட்பட, பாதி எழுந்து கண்ணாடி வழியே நெருப்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். அதற்குப் பிறகுதான் டிரைவர் கியரைத் தொடுவார். பஸ்ஸுக்கே இவ்வளவு என்றால் விமானத்துக்கு எவ்வளவு பெரிய சூடம் வேண்டும்! முப்பது பேரும் இடப்பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள். வலப்பக்கம் இருந்தவர்கள் எக்கி எக்கிப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மாள் நாக்கைச் சுழற்றிக் குலவையே போட்டுவிட்டார்.

விஷயம் என்னவென்று எனக்குத் தெரியும். எஞ்சினைக் கிளப்பும்போது குழாயில் தேங்கிய எண்ணெய் சில சமயம் இப்படிப் பற்றிக்கொள்ளும். கேப்டன் எண்ணெயை நிறுத்திவிட்டு எஞ்சினைச் சும்மா சுற்றவிடுவார்; உள்ளே போகும் காற்றே தீயை ஊதி அணைத்துவிடும். அதுவரை யாரும் இறங்கக் கூடாது. விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போது ஆட்கள் பயந்து வெளியே ஓடினால், தீ விட்டாலும் விசிறி விடாது. ஆக அந்த நேரத்தில் எனக்கு வேண்டியதெல்லாம், எல்லாரும் இடத்தை விட்டு அசையாமல் இருப்பது. பார்த்தால் எல்லாரும் பக்தியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இப்படி ஒரு தங்கமான பயணிக் கூட்டத்தை எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. சிரிப்பு தொண்டை வரை வந்துவிட்டது. முன்னால் நின்ற சீனியர் என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். பொறு என்று ஜாடை காட்டினேன்.

இன்டர்காம் மணி அடித்தது. கேப்டன்.

"பின்னால் என்ன தெரிகிறது? குழாயின் வாய் இங்கிருந்து எனக்குத் தெரியவில்லை."

"நெருப்பு இருக்கிறது சார். குழாய்க்குப் பின்னால் மட்டும்."

"பயணிகள்?"

"கும்பிடுகிறார்கள் சார்."

"என்ன?"

"அமைதியாக இருக்கிறார்கள் சார்."

"நல்லது. எஞ்சினைச் சுற்றவிட்டு அணைக்கப் பார்க்கிறேன். நீ சன்னலை விட்டு நகராதே. நெருப்பு இறக்கைப் பக்கம் வந்தால் உடனே சொல்."

கேப்டனுக்கு யார் சொல்வது என்ற என் பழைய கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. மாமியாரின் தலைக்கு மேலாகக் குனிந்து சன்னல் வழியே பார்த்தேன். புதுப்பெண்ணும் எல்லாரையும் போலக் கைகூப்பியிருந்தாள். கண்ணை மட்டும் மூடவில்லை. நெருப்பு அணைவதற்குப் பதிலாக ஆற அமர உட்கார்ந்துகொண்டிருந்தது. எஞ்சின் மூடியின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்ட், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி பொரிந்து எழும்பியது. கீழே சொட்டிய ஏதோ ஒன்று எரிந்துகொண்டே சொட்டியது. தரையில் நின்று தீயணைப்பு மருந்தைப் பீய்ச்சிக்கொண்டிருந்த ஆள் முகத்தை மூடிக்கொண்டு பின்வாங்கினார். விமானத்துக்கு எண்ணெய் இறக்கைக்குள்தான் இருக்கும். இன்டர்காமை எடுத்தேன்.

"சார், இறக்கைக்கு வந்துவிட்டது. இறக்க வேண்டும்."

"நிச்சயமாகவா?"

அந்த ஒரு வார்த்தைக்குள் என்னென்னவோ ஓடியது. நான் சொல்வது தப்பாக இருந்தால், படிக்கட்டு இல்லாத கதவு வழியே இந்த அம்மாமார்களைக் குதிக்கவைத்து இடுப்பை ஒடித்த பெருமை எனக்கு. வேலை போகும். ஊரில் அப்பா கடையைச் சாத்திவிட வேண்டியதுதான். சரியாக இருந்து, வாயை மூடிக்கொண்டிருந்தால்? கைகூப்பிய முப்பது பேரும் அப்படியே போய்விடுவார்கள். இடுப்பு ஒடிந்தால் ஒடியட்டும் என்று தோன்றிவிட்டது.

"நிச்சயம் சார்."

"விசிறியை நிறுத்துகிறேன். வலப்பக்கக் கதவு. இறக்கு."

வாயைத் திறந்தேன், மூடினேன். பயிற்சியில் கற்றதைக் கத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? இவர்களோடு பிறந்து வளர்ந்தவள் நான். 'தீ' என்று ஒரு சொல் சொன்னால், முதலில் குத்துவிளக்கை எடுப்பார்கள். பிறகு பானை. வத்தல் மூட்டையை விட்டுவிட்டு அந்தப் பெரியவர் நகரமாட்டார். குறுகலான நடைபாதையில் முறுக்கு டின் குறுக்கே விழும். எல்லாரும் ஏறிய வழியே இறங்க, அதாவது தீ எரிகிற இடப்பக்கக் கதவுக்கே, முட்டி மோதுவார்கள். இந்த நிமிஷம் வரை சூடம் என்று நம்பிச் சந்தோஷமாக இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன்?

மைக்கை எடுத்தேன். ஆங்கிலமும் இல்லை, இந்தியும் இல்லை.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க! சூடம் காட்டியாச்சு. இனி இறங்கி வலம் வரணும், அதான் இங்கன வழக்கம். செருப்பைக் கழட்டிப் போடுங்க. கையில ஒரு சாமான் இருக்கப்படாது. பையும் கையுமா சுத்துனா பலன் கிடையாது. வலப்பக்கக் கதவு, என் பின்னால வாங்க. சட்டுனு வாங்க, நல்ல நேரம் முடியப் போகுது!"

பெல்ட்டுகள் படபடவென்று கழன்றன. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கும்பிடப் போகும்போது வெறுங்காலும் வெறுங்கையுமாகப் போவது அவர்கள் பிறந்தது முதல் செய்கிற காரியம். பயிற்சியில் எங்களைத் தொண்டை வற்றக் கத்தவைத்தும் நடக்காத ஒழுங்கு, நல்ல நேரம் என்ற இரண்டு சொல்லில் நடந்தது. வத்தல் மூட்டைகூடத் தரையில் இறங்கியது. மண்டிக்காரருக்கு முகமெல்லாம் பல். "பாத்தியளா, பஸ்ஸுன்னா சூடம் மட்டுந்தான். ப்ளேனுக்குச் சுத்தும் உண்டு!" என்று அறிவித்துக்கொண்டே வந்தார். சஃபாரி சூட் ஆசாமிக்கு மட்டும் உண்மை புரிந்துவிட்டது. வாயைத் திறந்து ஏதோ கத்தப் போனவர், வெறுங்காலோடு பயபக்தியாக நகரும் வரிசையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு அவரும் கைகூப்பிக்கொண்டு வரிசையில் சேர்ந்துவிட்டார். சீனியர் ஒன்றும் புரியாமல், ஆனால் ஒருவரையும் விடாமல், முன்னாலிருந்து தள்ளிக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்தேன். கீழே லோடர்கள் சாமான் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராகத் தோளைப் பிடித்து இறக்கினேன். அவர்கள் கீழே வாங்கிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா விளிம்பில் நின்றுவிட்டார்.

"ஏட்டி, ஏணி இல்லியா?"

"கஷ்டப்பட்டு இறங்குனாத்தான் அத்தை பலன்!"

"அதுஞ்சரிதான்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொப்பென்று குதித்தார். எனக்கே நம்ப முடியவில்லை.

பொய் சொல்கிறவள் அதன் கடைசி வரைக்கும் யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. வலம் வரச் சொல்லிவிட்டேன் அல்லவா? இறங்கியவர்கள் மண்டிக்காரர் தலைமையில் விமானத்தைச் சுற்றக் கிளம்பிவிட்டார்கள், நேராகத் தீ எரிகிற பக்கத்துக்கு! கதவில் தொங்கியபடி நான் போட்ட கூச்சல் மதுரை டவுனுக்கே கேட்டிருக்கும்.

"மாமா! அங்கன இல்ல! ப்ளேனைச் சுத்தப்படாது! அதோ, அந்தக் கொடிக்கம்பத்தைச் சுத்துங்க!"

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட, தூரத்தில் ஒரு கம்பத்தில் துணிப்பை கட்டிவிட்டிருப்பார்கள். கொடிமரம் போலத்தான் இருக்கும். மண்டிக்காரர் சட்டென்று திரும்பினார். "ஓடுங்கலே, கொடிமரம் அங்கன இருக்கு!" என்று ஓட்டமெடுத்தார். முப்பது பேரும் புல்லில் வெறுங்காலோடு பட்டுச் சேலை சரசரக்க ஓடினார்கள். கடைசிப் பயணியும் இறங்கி, சீனியரும் நானும் குதித்து, கேப்டனும் முன்பக்கமாக இறங்கி ஓடி வந்தபோது, அவர்கள் குலவையோடு முதல் சுற்றை முடித்திருந்தார்கள்.

கேப்டன் மூச்சு வாங்க நின்று பார்த்தார். "என்ன செய்கிறார்கள்?"

"சுற்றுகிறார்கள் சார்."

அப்போதுதான் இடப்பக்கம் குப்பென்று பற்றியது. நாங்கள் நின்ற இடத்துக்கு அனல் அடித்தது. தீயணைப்பு வண்டி பாய்ந்து வந்து நுரையைப் பீய்ச்சியது. மூன்றாவது சுற்றில் இருந்த மண்டிக்காரர் பாதியில் நின்றார்.

"எம்மா, சூடத்தை அணைக்கதுக்கு எதுக்கு இத்தனை தண்ணி?"

அவர் விமானத்தைப் பார்த்தார். கருகிய சன்னல்களைப் பார்த்தார். தன் வெறுங்காலைப் பார்த்தார். அப்படியே புல்லில் உட்கார்ந்தார். முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன், பார்த்தால் சிரிக்கிறார். "தீயைப் போயி கும்பிட்டிருக்கோம்லே!" என்று தொடையில் அறைந்துகொண்டு சிரித்தார். அது எல்லாரையும் தொற்றிக்கொண்டது. அழுதுகொண்டே சிரித்தார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். குலவை போட்ட அம்மாள் மூச்சு முட்டிப் படுத்துவிட்டார். சஃபாரி சூட் ஆசாமி வத்தல் மூட்டைப் பெரியவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சந்தோஷத்தில் தலை கிறுகிறுத்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சிரிப்பு அடங்கியதும் மாமியாரின் குரல் கேட்டது.

"நான் அப்பமே நெனச்சேன். பந்தல் சாஞ்சுது, டயரு வெடிச்சுது, இப்ப ப்ளேனே எரியுது. இவ வந்த நேரம்…"

யாரும் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. எல்லாருடைய தலையும் ஒரே பக்கமாகத் திரும்பியது. அந்தப் பெண் கம்பத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். முப்பது பேரை உயிரோடு இறக்கிவிட்டு, ஒருத்தியை மட்டும் நெருப்பில் விட்டுவிட்டு வந்ததுபோல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பொய் சொன்ன வாய்க்கு இன்னொன்று எளிதாகவே வந்தது.

"அத்தை, என்ன பேசுதீக? இவதானே மொதல்ல பாத்தா! எல்லாரும் சூடம் சூடம்னு கும்பிட்டுக்கிட்டு இருக்கீக. இவ ஒருத்திதான் என் கையைப் பிடிச்சு, 'அக்கா, இறக்கை எரியுது'ன்னு சொன்னா. இவ சொல்லலைன்னா நான் கேப்டனுக்கு எப்படிச் சொல்லியிருப்பேன்? இவ வந்த நேரந்தான் நீங்க இப்ப இங்கன உக்காந்து பேசிக்கிட்டு இருக்கீக!"

மாமியார் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். மண்டிக்காரர்தான் முதலில் எழுந்தார். "மகாலட்சுமில்லா வந்திருக்கா நம்ம வீட்டுக்கு! பாத்தீரா வே, வாசுதேவநல்லூர்ப் பிள்ளைன்னா சும்மாவா!" என்றார். அவ்வளவுதான், காற்று திசை மாறிவிட்டது. பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். மாமியாரும் கடைசியில் எழுந்து போய், அவள் கன்னத்தை இரு கையாலும் வழித்துத் தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். மனசோடு செய்தாரா என்று தெரியாது. ஊர் பார்க்கச் செய்தார், அது போதும்.

மாலையில் மெட்ராஸிலிருந்து வேறொரு விமானம் வந்தது. ரயிலில் போகலாம் என்று சிலர் முனகினார்கள். மண்டிக்காரர் ஒப்பவில்லை, ஊரே வந்து வழியனுப்பியிருக்கிறது, எந்த முகத்தோடு ரயிலேறுவது? வெயிட்டிங் ஹாலில் எல்லாரும் செருப்பில்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். புதுப்பெண் தண்ணீர் குடிக்கிற சாக்கில் என்னிடம் வந்தாள்.

"ஏன்க்கா பொய் சொன்னீக? நான் உங்ககிட்ட ஒண்ணுமே சொல்லலியே."

"சொல்லல. ஆனா பாத்தேல்லா? உன் சன்னல்லதானே எரிஞ்சுது."

"பாத்தேன். மொதல்லேருந்தே பாத்தேன். சூடம் அப்படி எரியாதுன்னு தெரியும். பெயிண்டு பொரிஞ்சதையும் பாத்தேன்."

"பெறகு ஏன்ட்டி சத்தம் போடல?"

"சத்தம் போட்டு, அப்புறம் ப்ளேனு வெடிச்சா, இவ வாயாலதான் வெடிச்சுதுன்னு சொல்லுவாங்கல்லா?"

"அடிப்பாவி, வெடிச்சா நீயும்தானே இருக்கமாட்ட!"

"இருக்கமாட்டேன்க்கா" என்றாள். "ஆனா சொல்லுவாங்கல்லா?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவளும் சிரித்தாள். பிறகு எனக்குச் சிரிக்க முடியவில்லை. நான் பார்ப்பதற்கு முன்பே பார்த்துவிட்டு, நெருப்புக்கு எதிரே கைகூப்பி, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவள் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினேன். "இனி எதப் பாத்தாலும் கத்தணும். புரியுதா? தப்பா இருந்தாலும் பரவால்ல, கத்து" என்றேன். என்னையறியாமல் அதட்டலாகவே வந்தது. அவள் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

இந்த முறையும் சன்னலோரம் அவள்தான். விமானம் ஓடி, எழும்பி, தரையை விட்டது. மூச்சுக்கூட விடாமல் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். சக்கரங்கள் டொக்கென்று உள்ளே மடங்கின.

"அய்யோ!" என்று ஒரு அலறல். அடிவயிற்றிலிருந்து வந்தது. முப்பது தலையும் திரும்பின. மண்டிக்காரர் இல்லாத செருப்பைக் கழற்றக் காலைத் தேடினார். நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓடினேன்.

மாமியார் வெலவெலத்துப் போயிருந்தார். "என்னட்டி? என்னத்தப் பாத்த?"

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணும் பாக்கல அத்தை. சும்மா கத்திப் பாத்தேன்."